கோலத்துக்கு அடியில் இருந்த உத்தரம்

அன்று காலை எட்டு மணிக்கு அந்த மரத்தளத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், தச்சர் ரஃபீக் பாய், வீட்டுக்கார அம்மா சாந்தாமணி. இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. வீட்டுக்காரர் துரைசாமி, காங்கேயத்திலிருக்கும் தன் அக்காவை அழைத்துவர விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். நம் முதலாளி டெல்லி போகும் விமானத்தில் இருந்தார், போன் அணைந்திருந்தது. இருவரில் ஒருவர் இருந்திருந்தாலும் அன்றைய முடிவை அவர் எடுத்திருப்பார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருப்பேன். இல்லாமல் போனதால்தான் இதை எழுத எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

இந்த வருடம் நம் அலுவலகத்தில் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன வாரம் டீக்கடையில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அண்ணா, நம்ம ஆய்வுப் படிவத்துல கடைசிக் கட்டம் 'பார்க்காத இடங்கள்'னு இருக்குதே, பார்க்காத இடத்தைப் பத்தி என்னத்தை எழுதறது?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தக் கட்டம் படிவத்தில் வந்தது என்னால்தான். எப்படி வந்தது என்பதை நின்றுகொண்டே சொல்ல முடியாது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது துரைசாமி ஐயாவின் வீடு. கீழே கொப்பரைக் கிடங்கு, மேலே குடியிருப்பு. வாசல் கதவு மாடியில் கிழக்குப் பார்த்துத் திறக்கும். திறந்தால் இருபத்துநான்கு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத்தில் மரத்தளம். தரையிலிருந்து பத்தடி உயரம், அதற்கு அடியிலும் கிடங்குதான். அங்கிருந்து படி இறங்கினால் களம், கொப்பரை காயப்போடுகிற சிமெண்டுத் தரை. நம்மைப் போன்றவர்கள் 'டெக்' என்போம். அந்த வீட்டில் அதற்குப் பெயர் வாசல். கட்டி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. பலகைகள் வளைந்திருந்தன, கைப்பிடி ஆடியது. மகள் கீர்த்தனாவின் கல்யாணத்துக்குள் புதுப்பித்துத் தரவேண்டும் என்று நம்மிடம் வந்தார்கள். பார்த்து அறிக்கை தர முதலாளி என்னை அனுப்பினார். வேலையில் சேர்ந்து அப்போது எனக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

பார்த்தேன். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். தூண் ஒவ்வொன்றின் அடியிலும் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். பலகைகளைச் சுத்தியால் தட்டி ஓசை கேட்டேன். பார்க்காமல் விட்டது ஒரே ஒரு இடம், கதவுக்கு நேர் முன்னால் இருக்கும் நாலடி. அங்கே கோலம் இருந்தது.

நான் போன இரண்டு நாளும் காலை ஏழரை மணி. சாந்தாமணி அம்மா வாசல் தெளித்து, செம்மண் இட்டு, அப்போதுதான் கோலத்தை முடித்திருந்தார். அந்த வீட்டில் எல்லோருமே கோலத்தைச் சுற்றித்தான் கதவுக்குப் போவார்கள். என்னோடு வந்திருந்த ரஃபீக் பாய் கோவை உக்கடத்துக்காரர், அவர் வீட்டில் கோலம் கிடையாது. அவரும் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, கைப்பிடி ஓரமாக ஒதுங்கித்தான் நடந்தார். எங்கள் வீட்டில் கோலத்தை மிதித்தால் அம்மா கரண்டியோடு வருவார். நான் மிதிப்பேனா?

அந்த நாலடிக்கு அடியில்தான் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய உத்தரம் ஓடுகிறது. தளத்தின் பாதி எடையை அதுதான் தாங்குகிறது. மேலிருந்து பார்க்க வேண்டுமானால் கோலம் இருக்கும் பலகையைக் கழற்ற வேண்டும். கீழிருந்து பார்க்க வேண்டுமானால் கொப்பரை நனையாமல் இருக்கத் தளத்துக்கு அடியில் அடித்திருக்கும் தகரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் தகரம் முட்டுகிற உயரத்துக்கு அடுக்கியிருக்கும் கொப்பரை மூட்டைகளை இறக்க வேண்டும். கதவு முன்னால் இருந்த பலகைகளோ பளபளவென்று இருந்தன. தளத்திலேயே புதியவை அவைதான். பலகையே இவ்வளவு நன்றாக இருந்தால் உத்தரமும் நன்றாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அலுவலகம் வந்து எழுதினேன்: 'சுவர் உத்தரம் பார்க்கப்பட்டது. நன்று. பலகைகளும் கைப்பிடியும் மட்டும் மாற்றினால் போதும். தற்போதைய நிலையில் முப்பது பேர் வரை நிற்கலாம்.' கீழே கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காகப் போன முதல் ஆளும் நான்தான். அப்பா எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கியவர். தாளில் எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் அது நடந்ததற்குச் சமம். கரண்ட் பில்லில் தொகை கூடுதலாக வந்தால், பில் தப்பாக இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றவே தோன்றாது. நாம் எந்த லைட்டை அணைக்காமல் விட்டோம் என்று வீடு முழுக்கத் தேடுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதிவிட்டு, அன்று இரவு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து அந்தக் காலை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சூலூரிலிருந்து இருபத்தைந்து பேராக வந்து உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்கிற நாள். பத்தரைக்கு நல்ல நேரம். தளத்தின் மேலேயே பாய் விரித்து உட்கார வைப்பதாக ஏற்பாடு. நான்தான் முப்பது பேர் நிற்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேனே. வேலை இன்னும் தொடங்கவில்லை. ஒறம்பரையாக மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஆடுகிற கைப்பிடியை மட்டும் இறுக்கிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் நானும் பாயும் போனோம்.

படியேறும்போதே சாந்தாமணி அம்மா குரல் கொடுத்தார்.

"ஏனுங் தம்பி, வெரசா வந்து உள்ள போயிருங்க. இன்னைக்குப் பெருங்கோலம் போடோணும். போட்டுப்போட்டேன்னா அப்புறம் நீங்க பறந்துதான் வரோணும்."

பழைய கோலத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. குறுக்கே நடந்தேன். இடது கால் வைத்த இடத்தில் பலகை லேசாக உள்வாங்கி மேலே வந்தது. மெத்தை மாதிரி. இன்னொரு முறை மிதித்தேன். மறுபடியும் அதே.

அப்போதுதான் தண்ணீரைக் கவனித்தேன். மற்ற இடங்களில் ஊற்றிய தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கித் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. கதவோரம் ஊற்றியது சுவர் இடுக்கில் இறங்கியதோடு சரி, ஒரு சத்தமும் இல்லை.

"பாய், சித்தெ கீழ போய்ப் பாருங்க. சுவரோரமா தண்ணி சொட்டுதா?"

கீழிருந்து குரல் வந்தது. "மத்த பக்கமெல்லாம் கொட்டுது சார். சுவரோரம் பொட்டுத் தண்ணி இல்ல."

"அம்மா, இன்னொரு வாளி ஊத்துங்க."

ஊற்றினார். "இப்ப?"

"இப்பவும் இல்ல. எங்க சார் போகுது?"

மரம் குடிக்கிறது. நல்ல மரம் இரண்டு வாளித் தண்ணீரைக் குடிக்காது.

சம்பந்தி வரப்போகிற நாளில், நல்ல நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், நிலைக்கதவுக்கு முன் பலகையைக் கழற்றக் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"வாசப் பலகையயா? இன்னைக்கா?" துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங், வருசத்துல வேற நாளே கெடைக்கலீங்களா உங்களுக்கு?"

"ஒரே ஒரு பலகைங்கம்மா."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, நகர்ந்து நின்றார். "செரி, எடுங்க."

பாய் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார். உள்ளே கையை விட்டு உத்தரத்தைத் தொட்டார். கையை வெளியே எடுத்தபோது ஒரு பிடி மரம் கையோடு வந்தது. ஈரப் புட்டு மாதிரி உதிர்ந்தது. போல்ட் ஒன்றைப் பிடித்து இழுத்தார். சாவியைப் பூட்டிலிருந்து எடுப்பதுபோல் வந்துவிட்டது. மூன்று பேரும் அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, யாரும் சொல்லாமலே, ஆளுக்கொரு அடி பின்னால் நகர்ந்தோம்.

"தெனமும் தெளிக்கற தண்ணிதானுங்களா?" என்றார் சாந்தாமணி அம்மா மெதுவாக.

"தண்ணி தெளிச்சதுல தப்பில்லீங்கம்மா. அது வடியறதுக்கு வழி வெக்காமக் கட்டுனதுதான் தப்பு."

"பலகை ரண்டு வாட்டி இத்துப்போச்சுன்னு புதுசு போட்டமுங்க. பலகதான் போச்சுன்னு நெனச்சோம்." என் பக்கம் திரும்பினார். "ஏனுங் தம்பி, போன மாசம் இதையெல்லாம் நீங்க பாத்தீங்கல்ல?"

இந்தக் கேள்விக்குப் பத்து விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு மாதத்தில் மழை பெய்தது, நிலைமை மாறியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாது. ரஃபீக் பாய் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கமாட்டார். அவர் அந்த நேரம் பார்த்துத் தன் பையில் எதையோ தேடத் தொடங்கிவிட்டார்.

"பாக்கலீங்கம்மா," என்றேன். "கோலம் இருந்துது. மிதிக்கக் கூடாதுன்னு சுத்திப் போயிட்டேன். ஆனா பாத்ததா எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "நான் போட்ட கோலத்துக்கு மருவாதி பண்ணீங்களாக்கும். மருவாதி பண்ணுன லச்சணத்தப் பாரு, இருவத்தஞ்சு பேரு குடோனுக்குள்ள எறங்கியிருப்பாங்க," என்றார். திட்டத்தான் செய்தார். ஆனால் திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தார். கழற்றிய பலகைக்குப் பக்கத்திலேயே, உத்தரம் இல்லாத தளத்தின் மேல் நான் நின்றிருந்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அணைந்தே இருந்தது. துரைசாமி ஐயாவுக்குப் போட்டேன். அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, முப்பது பேரு நிக்கலாம்னு நீங்கதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"ஆமாங்."

"இப்ப நிக்கப்படாதுங்கறீங்க."

"ஆமாங்."

"எந்தப் பேச்ச நான் நம்பறது?"

"இப்பச் சொல்றதைங்கய்யா. இது பாத்துட்டுச் சொல்றது."

மறுமுனையில் வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ற சம்பந்தியப் பின்னால பொடக்காலி வழியா ஊட்டுக்குள்ள கூட்டியாரச் சொல்றீங்களா? மொத மொத வர்றவிய. எதாச்சும் முட்டுக் குடுத்து ஒரு மணி நேரம் நிறுத்துங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

முட்டுக் கொடுக்கலாம்தான். பாயும் அதையே சொன்னார். "வண்டில நாலு ஜாக்கி கெடக்குது சார். ரெண்டு மணி நேரம் இருக்குது. மூட்டைய இறக்கி ஜாக்கி ஏத்திட்டா தாங்கும்."

"தாங்குமா பாய்?"

"தாங்கும்னுதான் நெனைக்கிறேன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாங்கியிருக்கவும் கூடும். ஆனால் ஜாக்கி நிற்கப்போகும் கிடங்குத் தரையை நான் பார்த்ததில்லை. மூட்டைகளுக்கு அடியில் அது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குறுக்குச் சட்டங்களின் நுனி சுவர்ப் பக்கம் எந்த அளவுக்கு இற்றிருக்கிறது என்பதும் தெரியாது. இதையும் 'நன்று' என்று சொன்னால், ஒரே வீட்டில் அதே தப்பை இரண்டாம் முறை செய்கிறேன் என்று அர்த்தம்.

"பாய், உங்க பொண்ணுக்கு நிச்சயம்னா நிக்க வெப்பீங்களா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "கயிறு எடுத்துட்டு வர்றேன் சார்," என்று, வீட்டுக்குப் பின்னால் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும் பின்படி வழியாகக் கீழே போய்விட்டார்.

படியின் அடியில் குறுக்கே கயிறு கட்டினோம். துரைசாமி ஐயா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சாந்தாமணி அம்மா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏனுங், அந்தத் தம்பிகிட்டக் கத்தாதீங்க. நானே கண்ணால பாத்துப்போட்டேன்... ஆருங் பொடக்காலி வழியா வரச் சொன்னது? களத்துல வெச்சுக்கலாம். பந்தக்காரனுக்குச் சொல்லிப்போட்டேன்... ஆமா, ஊட்டுக்குள்ள வராம எப்படின்னு கேட்டா? நான் கோலம் போட்ட எடந்தானுங்க வாசலு. களத்துல போடறேன். வாசல்ல வெச்சு நிச்சயம் பண்ணுனமுன்னு சொல்லுங்க. உங்கக்காகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க வண்டியப் பாத்து ஓட்டிட்டு வாங்க."

போனைக் கொடுத்துவிட்டுக் கோலமாவு டப்பாவோடு பின்படி இறங்கினார். அவர் பின்னால் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு மகள் கீர்த்தனா இறங்கினாள். "நாளைக்கு மாமியா ஊட்டுல கேட்டா, நிச்சயத்தன்னைக்கே ஏணி எறங்குனவள்னு சொல்லிக்கறேன்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளே சிரித்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் களத்தில் பந்தல் நின்றது. நடுவில் பன்னிரண்டடிக் கோலம். மேலேயிருந்த கோரைப் பாய்களும் தாம்பாளங்களும் கீழே வந்தன. மூட்டை தூக்கும் ஆட்களோடு நானும் பாயும் சுமந்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர், கணீர்க் குரல். வந்ததும் கோலத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், பிறகு படியில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"மேல என்னங் சம்பந்தி, கயிறு?"

துரைசாமி ஐயா தடுமாறினார். "அதுங்களா... கீழ காத்தோட்டமா இருக்கும்னு..."

"மரம் இத்துப்போச்சுங்க," என்றார் சாந்தாமணி அம்மா. "காலைலதான் கண்டுபுடிச்சோம். வந்தவிய மேல ஏத்தப்படாதுன்னு கட்டிப்போட்டோம்."

வாசலே இற்றுப்போனதை அபசகுனம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்தக் கல்யாணம் அன்றோடு நின்றுவிடும். துரைசாமி ஐயாவின் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடி, கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

"ஆரு கண்டுபுடிச்சது?"

சாந்தாமணி அம்மா என்னைக் கை காட்டினார். போன மாதம் நான் என்ன எழுதினேன் என்பதை அவர் அங்கே சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி முழுக்க என்மேல் வந்திருக்கும், அவர்கள் வீட்டுக்கு மரியாதை மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. அந்த நன்றியை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ற தறிக் குடோன்ல விட்டம் இத்துப்போனத ஒருத்தனும் சொல்லலைங்க. ரண்டு தறி மேல உழுந்து நொறுங்குச்சு. நல்லவேள, சாப்பாட்டு நேரம், ஆளில்ல." பிறகு துரைசாமி ஐயாவைப் பார்த்து, "நம்ம மேல ஏத்தி உழுக வெக்காம, கீழ ஒக்கார வெச்ச சம்பந்தி. இதுக்கு மேல என்னங் சகுனம் வேணும்? ஒக்காருங்க எல்லாரும். நேரமாகுது," என்றார்.

உப்பும் சர்க்கரையும் கைமாறின. பந்தியில் எனக்கும் பாய்க்கும் இலை போட்டு, துரைசாமி ஐயாவின் அக்காவே வந்து ஒப்புட்டு வைத்து நெய் ஊற்றினார். "நல்லாச் சாப்புடுங்க கண்ணு, பயந்த மூஞ்சி இன்னும் மாறுல," என்றார்.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், கோலத்தைச் சுற்றிப் போனது முதல். வேலை போய்விடும் என்று நினைத்தேன். வீட்டில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அறிக்கையைத் திரும்ப எழுது. பழசைக் கிழிக்காதே, ரெண்டும் ஒரே கோப்புல இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். இரண்டும் இன்னும் அங்கே இருக்கின்றன, போய்ப் பாருங்கள். இரண்டாவதில்தான் 'பார்க்காத இடங்கள்' என்ற தலைப்பு முதல் முறையாக வருகிறது. அதற்குக் கீழே ஐந்து வரிகள் இருக்கின்றன. அந்த ஐந்து இடங்களையும் அடுத்த வாரமே திறந்து பார்த்தோம். மூன்று நன்றாக இருந்தன, இரண்டு இல்லை. கிடங்குத் தரை அந்த இரண்டில் ஒன்று. மூட்டைகளுக்கு அடியில் எலி வளை பறித்து, மேல் சிமெண்டுப் பூச்சு மட்டும் ஓடு போல நின்றிருந்தது. ஜாக்கி வைத்திருந்தால் உள்ளே இறங்கியிருக்கும்.

தளத்தைப் பிரித்தபோது எண்ணினோம். பதினொரு போல்ட்டில் பிடிப்போடு இருந்தவை மூன்று. இருபது வருடம் அந்தத் தளம் எதன் மேல் நின்றது என்று பாய் வாய்விட்டே கேட்டார்.

புதிய தளம் சுவரை நம்பி நிற்கவில்லை. சுவரோரமும் தனித் தூண்கள் கொடுத்து, சுவருக்கும் மரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டோம். கதவுக்கு நேர் முன்னால் மட்டும் மரமே கிடையாது. தனிக் கான்கிரீட் தாங்கியின் மேல் ஒரே கருங்கல் பலகை, தண்ணீர் வெளியே ஓடச் சற்றே சரிவாக வாட்டம் கொடுத்தது. இனி எத்தனை வாளி வேண்டுமானாலும் ஊற்றலாம். கல் வைத்த மறுநாள் போயிருந்தபோது சாந்தாமணி அம்மா கோலம் போட்டு முடித்திருந்தார். நான் ஓரமாக நின்றேன்.

"என்ன பாத்துட்டு நிக்கறீங்க? மிதிச்சுட்டு வாங்க தம்பி," என்றார். "நாளைக்கு வேற போடப்போறேன்."

மிதித்துத்தான் போனேன். வீட்டில் என் அம்மாவிடம் இதை இதுவரை சொல்லவில்லை.

பில் போடும்போது முதலாளி ஆய்வுக் கட்டணம் ஆறாயிரத்தை அடித்துவிட்டார். பார்க்காத வேலைக்கு நாம் கூலி வாங்கக்கூடாது என்றார். துரைசாமி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வரிவரியாகப் படித்தார்.

"ஆய்வுக் கூலியக் காணமே?"

காரணத்தைச் சொன்னேன்.

"மொத வாட்டி பாக்கல, செரி. ரண்டாவது வாட்டி பாத்தீங்கல்ல?" என்று என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, கடைசி வரியில் அவரே எழுதிக் கூட்டினார். முதல் அறிக்கையில் நான் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் முடியும் என்று எழுதியிருந்த வேலை, அந்த ஆறாயிரத்தையும் சேர்த்து, ஆறு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் ரூபாய்.